கூரையைத் தாங்கிய குதிரைப்படைத் துப்பாக்கி

ஓஸ்மோ கார்வினெனின் வீட்டு நிலவறைச் சுவரில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பின்லாந்துப் படைகளுக்காக உருவான துப்பாக்கிகள் ஆண்டு வரிசைப்படி நின்றன. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைப் பின்னிழுத்துத் தள்ள வேண்டிய பழைய ரகங்கள். அவற்றின் குழல் நுனியில், குறி பார்க்கும் முள்ளின் இருபுறமும், ஸ்பிட்ஸ் நாயின் காதுகளைப் போல விடைத்து நிற்கும் தகடுகளை ஓஸ்மோ எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். மனைவி மைலாவின் பிறந்தநாள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. எந்தத் துப்பாக்கி எந்தப் பட்டறையில் பிறந்தது என்பது நிற்கும்.

காலி இடம், 1927ஆம் ஆண்டு மாதிரியில் குதிரைப்படைக்கென்று செய்யப்பட்ட குட்டைத் துப்பாக்கிக்கு உரியது. செய்தவையே சொற்பம், போரில் பிழைத்தவை அதனினும் சொற்பம். ஆயினும் அவ்விடத்தின் கீழே பித்தளைப் பெயர்த் தகட்டை ஓஸ்மோ முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்.

"பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சு" என்பாள் மைலா.

மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர் ஓஸ்மோ. துப்பாக்கி சேகரிப்போர் சங்கம், நடுக்கோடைத் திருநாளன்று முதன்முறையாக அவர் வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த இடம் நிரம்பியாக வேண்டும். அவ்வாண்டு அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

வசந்த காலத்தில் அவர் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவின் புகைபோக்கி விரிசல் விட்டது. சனிக்கிழமை வெந்நீராவியில் உட்காராத மனிதனை அவ்வூரார் நோயாளியாகவே கருதுவர். எனவே அண்டை வீட்டு உருளைக்கிழங்கு விவசாயி தௌனோ ரஸிலா, பேச்சுவார்த்தை இல்லாதிருந்த போதும், தம் சவுனாவுக்கு வரும்படி சொல்லியனுப்பினார். பேச்சு நின்றதற்குக் காரணம் உண்டு. "உன்கிட்ட இருக்கிற துப்பாக்கியில ஒண்ணாவது ஒரு எல்க் மானைப் பாத்திருக்காய்யா?" என்று கடையில் எல்லோர் முன்னிலையிலும் தௌனோ ஒருமுறை கேட்டிருந்தார்.

தௌனோவின் சவுனா ஏரிக்கரையில் நின்ற, புகைபோக்கியே இல்லாத மரக்குடில். உள்ளே எல்லாம் கரி. மேல் பலகையில் ஏறி உட்கார்ந்த ஓஸ்மோ, உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தை மாட்டுவதற்காக இருட்டில் ஆணியைத் துழாவினார். விரல்கள் ஓர் இரும்புக் குமிழைத் தொட்டன. குமிழுக்குப் பின்னே தண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தது. குதிரைமேல் இருப்பவனின் தோளை உறுத்தாமலிருக்க வளைக்கப்பட்ட போல்ட் கைப்பிடி அது. விரல்களைச் சற்று மேலே நகர்த்தினார்: குழல். கீழே: கட்டை. மூலை உத்தரத்தைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டை ஒரு துப்பாக்கி.

சவுனாவுக்குள் பேரம் பேசுவது தேவாலயத்தில் பேரம் பேசுவதற்குச் சமம். ஓஸ்மோ வாயை இறுக மூடிக்கொண்டார்.

"என்ன, மூச்சு வாங்குது? கீழ்ப் பலகைக்கு இறங்குறியா?" என்றார் தௌனோ.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ஆணியை விடுய்யா. என் இலைக்கொத்தையும் மாட்டணும்."

வெளியே வந்து, ஏரியில் முங்கி எழுந்து, படித்துறைப் பலகையில் பீரும் வாட்டிய தொத்திறைச்சியுமாக உட்கார்ந்த பிறகே ஓஸ்மோவுக்குப் பேச வாய்த்தது.

"தௌனோ, உள்ள இருக்கிறது துப்பாக்கி."

"ஆணி. அப்பா சண்டையிலிருந்து திரும்பி வந்தப்போ உத்தரம் உக்காந்து கிடந்துச்சு. கையில இருந்ததை முட்டுக் குடுத்தாரு. அம்பது வருஷமா ஒரு சத்தம் போட்டதில்ல. உன் பொண்டாட்டி உன்னைப் பத்தி அப்படிச் சொல்வாளா?"

ஓஸ்மோ தேவதாரு மரத்தூண் தருவதாகச் சொன்னார். புது உத்தரம் தருவதாகச் சொன்னார். கடைசியில் கூரை முழுவதையும் மாற்றித் தருவதாகவே சொன்னார்.

தௌனோ நிதானமாகக் கடுகுச் சாந்தைத் தொட்டுக்கொண்டார். "அதை எடுத்தா கூரை கொஞ்சம் அசையும். கூரை அசைஞ்சா ஆவி மாறிடும்."

அந்த ஆவியில் ஓஸ்மோ இப்போதுதான் உட்கார்ந்து எழுந்திருந்தார். கல்லின்மேல் ஊற்றிய நீர் சீறாமல் எழுந்து, சாய்ந்த கூரையில் தவழ்ந்து, தோள்மீது போர்வையைப் போல இறங்கியது. எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், ஆவி விஷயத்தில் முடியாது.

ஆனால் உரிமமில்லாத துப்பாக்கியைக் கண்டும் மறைத்தால் தம் சேகரிப்பு உரிமமே பறிபோகும். திங்களன்று அவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினார். எடுத்தே தீரவேண்டும் என்று அதிகாரி உத்தரவிட்டுவிடுவார் என்ற ஆசையும் உள்ளூர இருந்ததை மறுப்பதற்கில்லை.

ஆயுதப் பிரிவு அதிகாரி கீர்ஸி லெஹ்தோலா வந்து இறங்கியபோது தௌனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குளிக்க இடம் குடுத்தேன். என் சவுனாவையே காட்டிக் குடுத்துட்டான்."

அதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "சூடா இருக்கா?"

"இன்னிக்குத்தான் மூட்டினேன்" என்றார் தௌனோ.

"இருக்கிற நிலையிலயே பரிசோதிக்கணும். ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. ஒரு துண்டு வேணும்."

கதவு சாத்தப்பட்டது. கல்லில் நீர் விழும் ஓசை கேட்டது. நெடுநேரம் கழித்து மறுபடியும் கேட்டது. அதன்பின் ஏரியில் யாரோ குதித்தார்கள். சிவந்த முகமும் ஈரத் தலையுமாகச் சீருடையில் வந்து நின்ற அதிகாரி கையேட்டைத் திறந்தார்.

"எடுக்க முடியாது."

"கூரை விழுந்துடும்னா?" என்றார் ஓஸ்மோ.

"ஆவி மாறிடும்."

அவர் எழுதிய ஏற்பாடு இது: துப்பாக்கி ஓஸ்மோவின் உரிமத்தில் சேரும், எனவே சவுனா சட்டப்படி ஓஸ்மோவின் ஆயுத அலமாரி, கதவுக்குப் பூட்டு, சாவி அவரிடம், போல்ட் அவர் வீட்டில் தனியே இருக்க வேண்டும், சவுனா திறந்திருக்கும் நேரமெல்லாம் உரிமதாரர் உடனிருக்க வேண்டும்.

"அப்போ இலைக்கொத்தை எதுல மாட்டுறது?" என்று தௌனோ கேட்டார்.

அதிகாரி யோசித்தார். நியாயமான கேள்விதான். "உரிமதாரர் இருக்கும்போது போல்ட்டும் அதோட இடத்துல இருக்கலாம்."

அன்றிலிருந்து ஓஸ்மோ சனிதோறும் போல்ட்டைத் துண்டில் சுற்றி எடுத்துச் சென்று பொருத்துவார். தௌனோ தம் இலைக்கொத்தை அதில் மாட்டுவார். பெண்கள் குளிக்கும் முறை வரும்போது ஓஸ்மோ வாசற்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

"ஓஸ்மோ! காவல் பலமா இருக்கா?" என்று உள்ளிருந்து மைலா கூவுவாள். தௌனோவின் மனைவி சிரிப்பாள்.

நடுக்கோடைத் திருநாளன்று சங்கத்தார் கோட்டும் டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக வந்து, காலி இடத்தையும் பெயர்த் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தனர். ஓஸ்மோ அவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். உடுப்போடு உள்ளே போக தௌனோ யாரையும் விடவில்லை. எல்லோரும் பிறந்த மேனியாகப் பலகையில் நெருக்கியடித்து அமர்ந்தனர். கண்ணாடிகளில் ஆவி படிந்தது. சங்கத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு குழலின் எண்ணை விரலால் தடவிப் படித்தார். வெளியே வந்து ஏரியில் முங்கி எழுந்தார்.

"துப்பாக்கி அசல்தான்" என்றார் கடைசியில். "அதை விடுங்க. இந்த ஆவி எந்த வருஷத்து மாதிரி?"

ஓஸ்மோவுக்கு அது பாராட்டா கேலியா என்று விளங்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சுவர் நிரம்புவது.

ஜனவரி மாதக் கடுங்குளிரில் மண் உறைந்து உப்பி, சவுனாவின் சுவரை மேலே தூக்கியது. அந்தச் சனிக்கிழமை ஓஸ்மோ போல்ட்டைப் பொருத்தியபோது துப்பாக்கி ஆடியது. இன்னொரு முறை தொட்டதும் கழன்று அவர் கையிலேயே வந்துவிட்டது. கூரை விழவில்லை.

தௌனோ தண்ணீர் அகப்பையும் கையுமாக நின்றார். கல்லில் ஊற்றாமல், அவரையே பார்த்தார்.

"தானா வந்துடுச்சு" என்றார். "வேணும்னா எடுத்துட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல."

ஓஸ்மோ துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். நினைத்திருந்ததைவிடக் கனம் குறைவு. கரி அவர் மார்பில் ஒட்டியது. நிலவறையிலிருந்த பித்தளைத் தகடு நினைவுக்கு வந்தது. வந்தவழியே போய்விட்டது.

"தண்ணி ஊத்திப் பாரு" என்றார்.

தௌனோ ஊற்றினார். ஆவி எழுந்தது, கூரையில் முட்டி, நெற்றியில் அறைந்து, சட்டென்று கதவிடுக்கு வழியே வெளியேறியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"சே" என்றார் தௌனோ.

"ஆப்பு ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார் ஓஸ்மோ, துப்பாக்கியைப் பழைய மூலையில் நிறுத்தியபடி. "சுத்தியலும் கொண்டா. கதவைச் சாத்திட்டுப் போய்யா, சூடு போகுது."