அக்காவின் இருமல்

அக்காவின் வலது கண் போனதற்குக் காரணம் நான். டொக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் கண்டாவளைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் எனக்குக் காணி கிடைத்தது. அப்போது நானும் அக்காவும் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். அக்கா புருஷனை இழந்தவர், பிள்ளையில்லை. நான் கலியாணம் செய்யவில்லை, அதற்கும் பயம்தான் காரணம். காணிக் கடிதத்தைக் கண்டதும் என் தலைக்குள் மலேரியா, யானை, பாம்பு எல்லாம் வரிசையாக வந்தன. கடித்தால் ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்றுகூட விசாரித்தேன். கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அக்கா அதை எடுத்து விரித்து, பேனையையும் கையில் தந்தார்.

"பாம்பு கடிச்சா என்னைக் கடிக்கட்டும். நீ போடு கையெழுத்தை."

இன்றைக்கு நான் தின்னும் சோறு அந்தக் கையெழுத்தால் வந்தது.

நாங்கள் இருவரும் காணிக்குக் குடிவந்து ஏழெட்டு வருடங்களில் அக்காவின் கண்களில் வெள்ளை படர்ந்தது. முதலில் அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போனது. பிறகு வாய்க்காலுக்கு மேல் போட்டிருந்த பனங்குற்றியைக் காலால் தடவித் தடவிக் கடந்தார். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்தால் பார்வை வரும் என்று கிளிநொச்சியில் டொக்டர் சொன்னார். அக்கா அன்றே வெளிக்கிட ஆயத்தம்.

நான் விசாரித்துப் பார்ப்போம் என்றேன். பார்வை வந்தவர்கள் பக்கத்து ஊர்களிலேயே இருந்தார்கள். அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கெட்டுப்போன கதைகளையே தேடித் தேடிக் கேட்டேன். அந்தக் காலத்தில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல்பை வைத்து, எட்டு நாள் மல்லாக்கக் கிடத்துவார்கள். இருமினால் கண் கெட்டுவிடும் என்று ஒருவன் சொன்னான். எனக்கு அது போதும். இன்னொன்றும் இருந்தது. ஏதும் நடந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று சொந்தக்காரர் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். உண்மையில் என்னைப் பிடித்த பயம் அதுதான். அக்காவின் கண்ணைவிட என் கையெழுத்துத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஒருநாள் காலை, படுத்துப் பார்த்து முடிவெடுப்போம் என்றேன். அக்காவைப் பாயில் கிடத்தி, தலைக்கு இரண்டு பக்கமும் விதைநெல் பையை வைத்து, என் சால்வையால் கண்ணைக் கட்டினேன். அரை மணித்தியாலம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, சோதனை வைக்கும் வாத்தியார் மாதிரிக் கதிரையில் இருந்தேன். குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் அரைச்சுவர்தான். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அடுப்புக்குள் இருந்தது நான் வெட்டிக்கொண்டு வந்த பச்சை விறகு. புகை சுவருக்கு மேலால் வந்து அறைக்குள் இறங்கியது. நான் அதைக் கண்டேன். எழும்பிப் போய் ஒரு கொள்ளியை இழுத்துப் போட்டிருக்கலாம். நான் எழும்பவில்லை.

அக்காவின் தொண்டை இரண்டு மூன்று தரம் ஏறி இறங்கியது. அடக்கினார். பிறகு இருமினார்.

"பாத்தீங்களே அக்கா. எட்டு நாள் எப்பிடிக் கிடப்பீங்கள்?"

அக்கா சால்வையைத் தானே அவிழ்த்தார். "ஓமடா தம்பி. எனக்குச் சரிவராது."

இரண்டு வருடம் அக்கா அந்தக் கதையை எடுக்கவில்லை. ஊரில் என்னைக் கவனமான ஆள் என்றார்கள். மண்ணாங்கட்டிக் கவனம்.

பிறகு ஒருநாள் வலது கண் சிவந்து, குத்தெடுத்து, அக்கா சத்தி எடுக்கத் தொடங்கினார். நான் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் அடுத்த காணிக்காரி வந்து பார்த்தா. அவா வாய்க்கு ஊரே பயம்.

"வெட்டினா அவவின்ரை கண்ணைத்தானே வெட்டுவினம். நீ ஏன் நடுங்கிறாய்?"

அவாவே அக்காவின் உடுப்பைக் கட்டினா. நானும் பரந்தன் ஸ்டேஷன் மட்டும் போனேன். ரயில் வந்து நின்றபோது என் கால் எழும்பவில்லை. காணிக்காரி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அக்காவை ஏற்றினா. ஆஸ்பத்திரிப் பேப்பரில் அக்காவே கையெழுத்துப் போட்டாராம். கண்ணுக்கு எழுத்துத் தெரியாததால் டொக்டரிடம் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னாராம்.

இடது கண்ணுக்கு ஒப்பரேஷன் சரிவந்தது. வலது கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு வருடம் முந்திக் கொண்டு வந்திருந்தால் இரண்டும் தப்பியிருக்கும் என்று டொக்டர் சொன்னதைக் காணிக்காரி படலையில் நின்றே எனக்குச் சொன்னா. நல்ல வேலை செய்தா.

அக்கா தடித்த கண்ணாடியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்து, நரைத்துப் போனாய் என்றார். பிறகு நேரே குசினிக்குள் போய் விறகுக் குவியலுக்கு முன்னால் குந்தினார்.

"எட்டு நாளும் ஒருக்காலும் இருமேல்லை" என்றார்.

அக்கா ஒவ்வொரு தடியாக எடுத்து, கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, பச்சையை ஒரு பக்கம் போட்டார்.

"இதுகளை வெளியிலை போடு தம்பி. புகைஞ்சா எனக்கு இருமல் வாறது உனக்குத் தெரியும்தானே."

ஓம் என்றேன். அள்ளிக்கொண்டு போய் வெயிலில் அடுக்கினேன். அடுக்கும்போதே தலைக்குள் தொடங்கிவிட்டது: மிஞ்சின கண்ணுக்கு ஏதும் வந்தால்?