பீலியோரத்து வல்லாரை

ஓய்வு பெற்ற தலைமை எழுதுவினைஞன் ஒருவன் உள்ளே வந்துவிட்டால் எந்த இயக்கமும் கடிதம் எழுதத் தொடங்கிவிடும். டிக்கோயாவில் விவசாய நஞ்சுகளை எதிர்க்கும் எங்கள் சின்னக் குழுவுக்கு என்னால் அந்தக் கதி நேர்ந்தது. லயத்துக் குடியிருப்பு ஆட்கள் குடிதண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலிக்கு மேலேயுள்ள சரிவில் களைநாசினி அடிக்கக் கூடாது என்று தோட்டத்துத் துரைக்கு முறைப்படி எழுதினேன். அவர் வாய்மொழியாக, ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். திங்கட்கிழமை பார்க்கும்போது அந்தச் சரிவில் தேயிலையைத் தவிர வேறு பச்சை இருக்கக் கூடாது, இருந்தால் மருந்து அடிப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை குழுவின் பெண்கள் சுரண்டியோடு களையெடுக்க இறங்கினார்கள். மாலையில் போய்ப் பார்த்தேன். சரிவு சுத்தமாக இருந்தது. பீலியை ஒட்டி மட்டும் வல்லாரை பாய் விரித்திருந்தது.

“என்னம்மா இது, நிபந்தனை மீறலாச்சே,” என்றேன் குழுத் தலைவியிடம்.

“கீரையப் போயி யாராச்சும் புடுங்கி எறிவாங்களாங்க ஐயா? எங்களுக்குப் பாவம் புடிக்கவா?”

மறுநாள் துரை வந்து சரியாக வல்லாரைக்கு முன்னால் நின்றார். நான் விளக்கமளிக்கத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அந்த அம்மா ஒரு பிடி பறித்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

“பங்களாவுல சம்பல் போடச் சொல்லுங்க தொரை. மருந்து படாத கீரை.”

துரை கீரையைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், கீரையோடு ஜீப்பில் ஏறினார்.

என் கடிதத்துக்கு இன்னும் எழுத்தில் பதில் இல்லை. மருந்து டாங்கியும் அந்தப் பக்கம் வருவதில்லை. வாரந்தோறும் பங்களாச் சமையல்காரர்தான் வருகிறார், வல்லாரைக்கு.