இரண்டு பைகளில் ஆறு மட்டைகள்

என் வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடுகிறவர் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார்கள், நகை ஏதாவது மின்னுகிறதா என்று. பிறகு என் செருப்பைப் பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் எனக்கு அது வயிற்றெரிச்சல் சிரிப்பு.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் நின்றுபோகும் லிஃப்டுகளைச் சரிசெய்கிற வேலை. ஒரு ஆள் திரும்பக்கூட இடமில்லாத குழிக்குள் நாளெல்லாம் கிரீஸும் கையுமாக நிற்பவர். நான் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். நின்று நின்றே என் கால் வீங்கிவிடும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதர் லீவு நாளில் பந்தை அடித்துவிட்டு, அதன் பின்னாலேயே மைல் கணக்கில் நடக்கப் போகிறேன் என்றால் எப்படி இருக்கும்? "நடக்கணும்னா கடைக்கு நடங்க, பால் தீர்ந்துபோச்சு" என்பேன். அவர் பதில் பேச மாட்டார். பேசாமலே இருந்து என் வாயை அடைப்பதில் அவரைப் போல ஆள் கிடையாது.

அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததே வேலை பார்க்கிற இடத்தில்தான். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த மைதானம் தெரியுமாம். "அவ்வளவு பெரிய இடம், அதுல நாலே பேர் நடக்கறாங்க" என்று அன்று சாப்பிடும்போது சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. குழிக்குள்ளேயே வயசைக் கழித்த மனிதருக்கு அகலம்தான் ஆசையாக இருந்திருக்கிறது.

அது பணக்காரர்களின் கிளப் இல்லை. நகராட்சி நடத்தும் மைதானம். தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால், பாதிப் புல் காய்ந்து கிடக்கும். வார நாட்களில் சாயங்காலம் ஆக ஆகக் கட்டணம் குறையும். வெளிச்சம் போவதற்குள் ஒன்பது குழிகளை ஆடி முடித்துவிடுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். இவர் தன் வார லீவான செவ்வாய்க்கிழமைகளில் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டார். மட்டைக்கு என்ன செய்வது?

பழைய சாமான் கடையில் ஆறு மட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்களாம். இவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தால், மறுமுனையை ஏற்கனவே வேறொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர்தான் ரொட்டிக்காரர். இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருப்பவர். கடைக்காரன் பிரித்துத் தர மாட்டேன் என்கிறான். இவர்கள் இரண்டு பேராலும் முழுசாக வாங்க முடியாது. நீ விடு, நான் விட மாட்டேன் என்று ஆரம்பித்து, கடைசியில் பாதிப் பாதி போட்டு வாங்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். நல்ல கூட்டு.

மைதானத்து வாசலில் இன்னொரு வம்பு. ஆளுக்கு ஒரு பை இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். இரண்டு பேர் ஒரே பையை வைத்துக்கொண்டு ஆடினால் ஆட்டம் தாமதமாகும், பின்னால் வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஆறு மட்டைகளையும் இரண்டாகப் பிரித்தார்கள். இவருடைய கேபிள் பையில் மூன்று. ரொட்டிக்காரரின் மனைவி மாவு மூட்டைத் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்த பையில் மூன்று. வாசலில் நிற்கும் ஆளுக்கு எல்லாம் தெரியும். "எனக்குப் பைதான் கணக்கு. உள்ள மட்டை இருக்கா, முருங்கைக்காய் இருக்கான்னு நான் பார்க்கப்போறதில்ல" என்று சொல்லி உள்ளே விட்டுவிடுவான்.

இப்படி ஆடினால் என்ன ஆகும்? தூரத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு மட்டை வேண்டுமாம். ஒருத்தருக்கு வேண்டிய மட்டை எப்போதும் இன்னொருத்தர் பையில்தான் இருக்கும். பந்தோ இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் போகாது. ஒன்று மேட்டுக்கு, ஒன்று வாய்க்காலுக்கு. அதனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். யாருக்கு மட்டை வேண்டுமோ அவர்தான் நடந்து போய் வாங்க வேண்டும். மட்டை வைத்திருக்கிறவர் நின்ற இடத்திலிருந்து அசையக் கூடாது. அசைந்தால் அவர் கணக்கில் ஒரு அடி தண்டமாக ஏறிவிடும். மற்றவர்கள் நேராக நடக்கிற மைதானத்தில் இவர்கள் இரண்டு பேரும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் இவர்களைத் தாண்டிக்கொண்டு போய்விடுவார்களாம்.

பந்துக்குக் காசு கொடுத்தது கிடையாது. வேலியோரத்திலும் வாய்க்காலிலும் மற்றவர்கள் தொலைத்த பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ரொட்டிக்காரர் கொடுத்த சோடா உப்பைப் போட்டு என் சமையல் பாத்திரத்தில் ஊறவைப்பார். பால் பொங்குகிறதா என்று மூடியைத் திறந்தால் உள்ளே பந்து மிதக்கும். கையுறைக்குப் பதிலாக லிஃப்ட் வேலைக்குக் கொடுத்த பழைய உறை. வீட்டில் பழகுவதற்கு நடைக்கூடத்துத் தரைவிரிப்பு, அதன் கடைசியில் குழிக்குப் பதிலாகப் படுக்கவைத்த ஒரு டம்ளர். எத்தனை டம்ளர் நெளிந்தது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கதை முடியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆடிவிட்டு வரும் நாட்களில் அந்த மனிதர் பேசினார். கல்யாணமான நாள் முதல் "ம்", "சரி", "உப்பு குறைச்சல்" என்பதற்கு மேல் வாய் திறக்காதவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். ரொட்டிக்காரர் என்ன சொன்னார், எதற்குச் சிரித்தார், பந்து தண்ணீரில் விழுந்ததற்கு அந்தப் பந்தையே எப்படித் திட்டினார் என்று. ரொட்டிக்காரர் வாய் ஓயாத மனிதர். அந்தப் பேச்சில் கொஞ்சம் இவருக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்காகத்தான் என் பாத்திரத்தையும் டம்ளரையும் விட்டுக்கொடுத்தேன். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு பிரியமும் இல்லை.

ரொட்டிக்காரர் அந்த மைதானத்திலேயேதான் செத்துப்போனார். ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று இவருடைய பந்து போன பக்கமெல்லாம் மேடு. ரொட்டிக்காரரின் பந்து போனதெல்லாம் வாய்க்கால் பக்கம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு வேண்டியிருந்தது இவர் பையில் இருந்த ஏழாம் நம்பர் மட்டை. ஏறி வந்து வாங்கி, இறங்கிப் போய் அடித்து, மறுபடி ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். இவர் மேலே நின்றுகொண்டு, "இன்னிக்கு ஆட்டமில்ல, உங்களுக்கு நடைதான்" என்று கேலி செய்திருக்கிறார். அவரும் சிரித்திருக்கிறார். கடைசித் தடவை ஏறி வந்தவர் மட்டைக்காகக் கையை நீட்டினார், நீட்டியபடியே உட்கார்ந்துவிட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து இவர், "எழுந்திருங்க, வெளிச்சம் போகுது" என்றாராம். அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்போது அவர் அழவில்லை. "நான் நாலு அடி இறங்கிப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே, சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்றுவிட்டு வந்தார். ரொட்டிக்காரரின் மனைவி, அந்த அம்மாவின் முகத்தை இவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. வேலைக்குச் சுற்றுவழியாகப் போனார். வேறெங்கோ ரொட்டி வாங்கி வந்தார், செங்கல் மாதிரி. கேபிள் பை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பேச்சும் அதோடு போய்விட்டது. மறுபடியும் "ம்", "சரி". அந்த அம்மா தன்னைக் கொலைகாரனாக நினைக்கிறாள் என்று இவருக்கு நிச்சயம். அதை அவள் வாயால் கேட்கப் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது. இஸ்திரிப் பெட்டியின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை, இந்த மனிதரையும் நான் தொலைத்துவிடுவேனோ என்று. பேக்கரியில் போய் நானே கேட்டுவிடலாமா என்று பல தடவை கிளம்பினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மழை நாட்கள் முடிந்த சமயம், அந்தப் பேக்கரி லிஃப்ட் நின்றுபோனது. அடுப்புகள் கீழ்த்தளத்தில், கடை மேலே. ரொட்டித் தட்டுகளை ஏற்றுவதற்கு ஒரு சின்ன லிஃப்ட். அந்த அம்மா கம்பெனிக்கு ஃபோன் செய்ய, கம்பெனி இவரை அனுப்பியது. "வேற ஆளை அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறார். வேறு ஆள் லீவில் இருந்தான். அன்று எனக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. "வாங்க, நானும் வரேன்" என்று செருப்பை மாட்டினேன். பாதி வழியில் நின்றார். முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கடையைச் சாத்திவிட்டு அந்த அம்மா எங்களுக்காகக் காத்திருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. இரண்டு நாளாகத் தட்டுகளைப் படியில் தூக்கியே ஆள் பாதியாகியிருந்தாள். "வாங்கண்ணா, வாங்கக்கா" என்றாள், ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தாயா என்பது போல இவர் என்னைப் பார்த்தார். கீழே இறங்கி லிஃப்ட் குழிக்குள் நுழைந்துவிட்டார். நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்துச் சுவரில், ஆணியில் அந்த மாவு மூட்டைப் பை மூன்று மட்டைகளோடு தொங்கியது.

அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். குழிக்குள் திருப்புளி சத்தம் நின்றது.

"அன்னிக்கு மட்டை என்கிட்டதான்மா இருந்துச்சு" என்றார் இவர், உள்ளே இருந்தபடியே. "அவர் ஏறி ஏறி வந்தார். நான் சும்மாதான் நின்னுட்டிருந்தேன். இறங்கி வந்து குடுத்திருக்கலாம். குடுக்கல. கேலி பண்ணிட்டு நின்னேன்."

அந்த அம்மா மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்காகவா இத்தனை நாள் இந்தப் பக்கம் வரல நீங்க?"

"ஆமா."

"நான் வேற நினைச்சேன். உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, என் மூஞ்சில முழிக்கப் பிடிக்காம இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"என்ன விஷயம்?" என்று நான்தான் கேட்டேன்.

அவள் குழியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "அவர் போறதுக்கு முந்தின மாசமே டாக்டர் சொல்லிட்டார்க்கா, இதயம் ரொம்ப பலவீனம்னு. மேடு ஏறக் கூடாது. அடுப்பு, ஆட்டம், ரெண்டுல ஒண்ணை விட்டுடுங்கன்னார். அடுப்பை விட்டா சாப்பாடு ஏது? ஆட்டத்தை விடுங்கன்னு கெஞ்சினேன். 'வாரத்துல ஒரு நாள் அங்க போறதாலதான் மத்த நாள் இந்தச் சூட்டுல நிக்க முடியுது'ன்னார். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? அன்னிக்கும் பையை எடுத்துக் கையில குடுத்தது நான்தான். தெரிஞ்சே குடுத்தேன்."

இவர் குழியிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நானே நடந்திருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்" என்றாள் அவள். "'அவன் இறங்கி வந்து மட்டையைக் கையில குடுக்க ஆரம்பிச்சா, அப்புறம் நான் ஆட வந்தவன் இல்ல, நோயாளி'ன்னார்."

பாவி மனுஷன் என்று செத்துப்போனவரை மனதுக்குள் திட்டினேன். இவரும் அந்த அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துகொண்டு, இரண்டு தெரு இடைவெளியில் இப்படிச் செத்துப் பிழைத்திருக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. அதற்குள் இவர் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். கிரீஸ் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தம் போட்டு. அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவும் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். டீ ஆறிப்போனது.

பிறகு அவர் எழுந்து வேலையை முடித்தார். லிஃப்ட் ஏறி இறங்குகிறதா என்று வெறும் தட்டுகளை வைத்துப் பார்த்தார். கிளம்பும்போது அந்த அம்மா ஆணியிலிருந்து பையை எடுத்து நீட்டினாள். "இங்க தொங்கினா நான் பார்த்துட்டே இருக்கேண்ணா. நீங்க ஆடுங்க" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குப் போனார். ஆறு மட்டைகளையும் ஒரே பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு போனார். நான் துணி மடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெயில்கூட இறங்கவில்லை, அதற்குள் திரும்பி வந்துவிட்டார். பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பார் என்று எனக்குப் பகீரென்றது.

"ஏன், ஆடலையா?" என்றேன்.

"ஒன்பது குழியும் ஆடிட்டேன்" என்று செருப்பைக் கழற்றினார். "சீக்கிரமே முடிஞ்சுபோச்சு."