அமிர்தராஜ் வைத்த சுருதி

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில், டிராக்டர் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் அமிர்தராஜ் பேஸ் கிட்டார் செய்கிறார். உள்ளே கூடில்லாமல் முழுக்கட்டையில் இழைத்த கிட்டார். பெரும்பாலும் ஏலக்காய்த் தோட்டத்தில் நிழலுக்கு நின்று சாய்ந்த மரம். கேட்பவரின் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துச் செய்வார். வேலை சுத்தம். அதற்குமேல் புகழ ஒன்றுமில்லை.

கொஞ்ச காலமாக எல்லாரும் கட்டைக்குள்ளேயே ட்யூனர் பதித்துக் கேட்கிறார்கள். சுருதி விலகினால் அதில் சிவப்பு எரியும், சேர்ந்தால் பச்சை. மேல்விளிம்பில் குழி எடுத்து, ஒயரைச் சேர்த்து, பேட்டரிக்கு இடம்விட்டு மூடுவார். கடைசியாகத் தன் காதுக்குச் சரியென்று படும்வரை கம்பியை முறுக்கி, பச்சை எரிகிறதா என்று பார்ப்பார். எரியாது. வருகிற சரக்கெல்லாம் மட்டம் என்று சலித்துக்கொண்டு, ட்யூனரின் அளவைத் தன் காதுக்குத் திருத்திவைப்பார்.

பேஸ் வாசிக்கும் ஷானவாஸுக்குக் கொச்சியில் ஓர் ஓட்டல் இசைக்குழுவில் இடம் கிடைப்பதாக இருந்தது. வாசித்துக் காட்டப் போகும் அன்றுதான் புதுக் கிட்டாரை வாங்கிப் போனான். திரும்பி வந்தவன் பையைத் திறக்காமலே அமிர்தராஜின் மேசைமேல் வைத்தான்.

கீபோர்டோடு சேரவில்லையாம். அதை வாசித்தவர் கையை எடுத்துவிட்டு, சுருதியைப் பார்க்கச் சொன்னாராம். பார்த்தால் பச்சை.

"ஒங்க கீபோர்டுதான் தப்பு, இது எங்க அமிர்தராஜண்ணன் வச்ச சுருதின்னு சொன்னேண்ணே. அதுக்கப்புறம் அவுக வாசிக்கச் சொல்லல. டீ குடிச்சிட்டுப் போகச் சொன்னாக."

அமிர்தராஜ் ட்யூனர் செய்தவர்களைத் திட்டத் தொடங்கினார். ஒன்றுகூட ஒழுங்காக வருவதில்லை, எல்லாவற்றையும் நான்தான் திருத்தித் தொலைக்கிறேன் என்றார்.

"எல்லாமே தப்பாண்ணே?"

"எல்லாமேதான்."

"ஒரே அளவுக்கா?"

இதுவரை திருத்தியதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். ஒரே அளவுக்குத்தான். பிறந்த ஊர் மாதா கோயிலில், ஆர்மோனியத்தை ஒட்டி நின்று பாடி வளர்ந்த காது அது. அந்தப் பெட்டியின் சுருதி சற்று ஏறி நிற்கிறதென்று யாரும் சொன்னதில்லை. வயலின் முதல் குரல் வரை எல்லாம் அதற்கே சேர்ந்துகொண்டன. எல்லாரும் சேர்ந்து விலகியிருக்கும் இடத்தில் விலகல் யாருக்குக் கேட்கும்?

ட்யூனரின் அளவைப் பழையபடி வைத்துக் கம்பியைத் தளர்த்தினார். பச்சை எரிந்தது. அவர் காதில் அந்த ஒலி ஈரத்துணிபோல் தொய்ந்து கிடந்தது.

"இப்ப சரியாண்ணே?"

அவர் கம்பியை மறுபடி மீட்டிக் கேட்டு முகம் சுளித்தார்.  ஷானவாஸ் மதுரையில் ஒருவரிடம் காட்டிக்கொள்வதாகத் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அதே அளவில் கிட்டார் வாங்கிப்போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைக்கத் தொடங்கினார், முதலில் பெரியகுளத்துக்கு. அங்கே கோயில் பாடகர் குழுவை நடத்தும் எட்வின் போன வருடம் ஒன்று செய்து வாங்கியிருந்தான். கிட்டாரைக் கொண்டுவா, சுருதியைத் திருத்தித் தருகிறேன் என்றார்.

எட்வின் சிரித்தான். "அதைத் தொட வேணாம்ணே. மொதல்ல எங்களுக்குச் சேரல. நீங்க வச்சது தப்பாகாதுன்னு கீபோர்டு, மத்த கிட்டாரு எல்லாத்தையும் அதுக்கே மாத்திக்கிட்டோம். இங்கன பிள்ளைக இப்ப அதுலதான் பாடிப் பழகுதுக."

மரியாதையாகத்தான் சொன்னான்.  இனி அந்தப் பிள்ளைகளுக்கும் அமிர்தராஜின் காதுதான்.