வெள்ளை வந்தால் சேலம்

என் தங்கைக்கு ஊசி போடத் தெரியும். ஆனால் போடக் கூடாது. அவள் வேலை பார்க்கும் சேலத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்ட நர்ஸ்கள்தான் ஊசி போடலாம். இளநீலக் கோட்டு போட்ட உதவியாளர்கள் படுக்கை மாற்றலாம், துடைத்து விடலாம், தள்ளுவண்டி தள்ளலாம். நோயாளிகள் யாராவது அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டால், "நான் அசிஸ்டென்ட்டுங்க. இருங்க, அவங்களக் கூட்டியாறேன்" என்பாள். பதினோரு வருடமாகச் சொல்கிறாள். அவளை அப்படிச் சொல்ல வைத்தவள் நான்.

ஏற்காடு மலையில், நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் அம்மா, நான், தங்கை மூன்று பேரும் இருந்தோம். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா ஒரு நாள் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது செடிக்கடியில் விழுந்தாள்; வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, எழுப்பி உட்கார வைத்ததெல்லாம் நாங்கள்தான். நாங்கள் என்று கௌரவத்துக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் தங்கைதான். நான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் உட்கார்ந்து, ஊர் சுற்ற வந்தவர்களைப் பார்த்து நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும்போது அந்தச் சிரிப்பில் ஒரு துளியும் மிச்சம் இருக்காது.

அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். ஒல்லியான அம்மாள். படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தே, யாருடைய துணையும் இல்லாமல், அம்மாவை அந்தப் பக்கம் புரட்டிவிடுவார். தங்கை அதை ஒரே தடவை பார்த்துக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு இரண்டு இடத்தில் இடம் கிடைத்தது. ஒன்று, அரசு செவிலியர் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு. ஆனால் தெற்கே, பஸ்ஸில் எட்டு மணி நேரம். விடுதியில்தான் தங்க வேண்டும். இன்னொன்று, சேலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்பு. காலையில் முதல் பஸ்ஸில் ஏற்காடு வந்து, அங்கிருந்து கீழே இறங்கினால், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். பகலுக்கு மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. தைக்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். தங்கை தெற்கே போய்விட்டால் அம்மாவோடு நான் இருக்க வேண்டும். மூன்று வருடம். கணக்கு அவ்வளவுதான். அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மாவை விட்டு அவளால் நகர முடியாததால், விசாரிக்க நான் மட்டும் சேலம் போனேன். அந்தச் சமுதாயக் கல்லூரியில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை. ஆபீசில் இருந்த அம்மாள் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்பே சொன்னார்: "ஏனுங்க, மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. இது ஒதவியாளர் படிப்பு. முடிச்சதும் வேல கெடைக்கும். ஆனா நர்ஸுன்னு கவுன்சில்ல பதிய முடியாதுங்க. பாப்பாகிட்டத் தெளிவாச் சொல்லிக் கூட்டியாங்க."

சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் தங்கையிடம், "ரெண்டும் நர்ஸ் படிப்புத்தான். அங்க மூணு வருசம், இங்க ஒரு வருசம். வேற வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப எதுக்குக்கா அங்க மூணு வருசம் படிக்கறாங்க?"

"அங்க இங்கிலீசு, கம்ப்யூட்டர் எல்லாம் சேத்துச் சொல்லித் தருவாங்களாம்" என்றேன். வாய் கொஞ்சமும் கூசவில்லை. லாட்ஜில் மேகம் மூடிக் கிடக்கும் நாளிலும், "வியூ நல்லாத் தெரியும் சார்" என்று சொல்லிப் பழகிய வாய்.

அப்படியும் அவளுக்கு மனம் தெற்கேதான் இழுத்தது. சீட்டு வந்த கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தாள். உடனே அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், கடிதத்தை மடித்து வைப்பாள். அம்மாவோ, "நீ போ கண்ணு, என்னய அக்கா பாத்துக்குவா" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். கடைசியில் தங்கை என்னிடமே வந்தாள். "நீ சொல்லுக்கா. நீ எதச் சொன்னாலும் சரி."

"போகாதே, எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும்" என்று நான் நேராகச் சொல்லியிருந்தால்கூடச் சரி என்றிருப்பாள். ஆனால் எனக்குக் கல்யாணமும் ஆக வேண்டும், நல்ல அக்கா என்ற பெயரும் வேண்டும். "எனக்கென்ன கண்ணு தெரியும், ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாம்" என்றேன்.

முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு எங்கள் பக்கம் மாரியம்மன் சன்னிதியில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழைச் சருகில் ஒரே அளவாக மடித்து, நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். குளித்த ஈரத்தோடு வீட்டுப் பெண் ஒருத்தி கட்ட வேண்டும். கேட்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தை எங்கள் கோவிலில் பிரிக்க மாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதை அப்படியே கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஊற்றில் போட்டுவிட வேண்டும்.

வெள்ளை வந்தால் சேலம், சிவப்பு வந்தால் தெற்கு என்று தங்கையே சொன்னாள். கட்டியது நான். ஊற்றங்கரையில் ஈரப் புடவையோடு உட்கார்ந்து, ஒரு சருகில் வெள்ளை அரளி வைத்தேன். இன்னொன்றிலும் வெள்ளை அரளி வைத்தேன். பறித்து வந்த செவ்வரளியைத் தண்ணீரில் விட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கும்; நடுங்கவில்லை.

தங்கை கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு கையை நீட்டி, ஒன்றைத் தொட்டு, அதை விட்டு மற்றதை எடுத்தாள். பூசாரி பிரித்துக் காட்டினார். "வெள்ளைங்க சாமி. ஆத்தா உன்னயத் தொலவுக்கு அனுப்ப மாட்டேங்கறா" என்றார். அவள் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இனி எனக்குக் கொழப்பமே இல்லக்கா" என்றாள்.

மிச்சப் பொட்டலத்தை நான்தான் கொண்டுபோய் ஊற்றில் போட்டேன். அது முழுகாமல் மிதந்துகொண்டே இருந்தது. ஒரு காப்பிக் குச்சியை ஒடித்து அமுக்கினேன்.

தையில் எனக்குக் கல்யாணம் ஆனது. தங்கை படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஓசூருக்குப் போன் செய்தாள். "அக்கா, இந்தப் படிப்புல நர்ஸ் ஆக முடியாதாம்."

"அப்படியா? அவங்க ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

அவளே என்னைத் தேற்றினாள். "உடுக்கா. ஆத்தா தெரியாமயா குடுத்திருப்பா? நான் தூரமாப் போயிருந்தா அம்மாவ யாரு பாத்திருப்பாங்க?" அடுத்த வருடம் அம்மா அவள் மடியில்தான் செத்துப்போனாள். அதற்குள் தெற்கே அந்த இடம் யாருக்கோ போயிருந்தது. பிறகு அவளுக்கும் கல்யாணம், குழந்தை, சேலத்தில் வாடகை வீடு.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். "ஓசூர்ல எதுக்கு, இங்க வா, நான் இருக்கறேன்" என்று அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனாள். ஆபரேஷனுக்கு முன் குளுக்கோஸ் ஏற்ற ஒரு புது நர்ஸ் வந்தாள், சின்னப் பெண். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கை என் முழங்கையைத் திருப்பி, தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்க பாருங்க சிஸ்டர்" என்றாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவளிடம் அப்படிப் பணிவாகச் சொன்னாள். அந்த இடத்தில் குத்தியதும் ஊசி இறங்கிவிட்டது.

நர்ஸ் போனதும், முன்பு குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அன்றைக்குக் கல்லூரி ஆபீஸ் அம்மாள் சொன்னதையும் சொன்னேன். பூவையும் சொன்னேன்.

"ரெண்டுலயும் வெள்ளையா?" என்றாள்.

"ஆமா."

பஞ்சை அழுத்தியிருந்த விரல் அப்படியே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் ஆசைப்பட்டேன்; திட்டு வாங்கினால் எனக்குத் தீர்ந்துவிடும். அவள் திட்டவில்லை.

"எடுக்கறப்ப மொதல்ல ஒண்ணத் தொட்டுட்டு உட்டனே, ஞாபகம் இருக்குதா?" என்றாள். "அது செவப்புன்னும், ஆத்தாதான் கையப் புடிச்சு மாத்தி உட்டான்னும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இங்க மனசு நொம்பக் கஷ்டமா இருக்கறப்பெல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன். நாளைக்கு டூட்டிக்கு வந்து எத நெனச்சுக்கறதுக்கா?"

அந்த எண்ணம் ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சியிருந்தது. என் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைக்க அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

தலைக்கு மேல் குளுக்கோஸ் வேகமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். குறைத்து வைக்கக் குழாய்வரை கையைக் கொண்டுபோனாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, "இரு, அவங்களக் கூட்டியாறேன்" என்று எழுந்து போனாள்.