அக்காவுக்குப் போடாத கைப்பிடி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதையே படிக்க விரும்புவீர்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு பிழையையும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே, அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அக்கா பிறந்தார். எனக்கு மூன்று வயதானபோது அம்மா காலமானார். அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், பின்னாளில் என்னை மட்டும் கண்டிக்குப் படிக்க அனுப்பினார். போகமாட்டேன் என்று நான் அடம்பிடித்த நாட்களில் முதுகில் இரண்டு வைத்தும் அனுப்பினார். இதை எழுதுகிற எழுத்து அவர் போட்ட பிச்சை.

மாலையானால் அக்கா பயறு ஊறப்போடுவார். வீட்டில் ஆளுக்கு ஒரு கைப்பிடி. காலையில் அதுதான் எங்களுக்குக் கஞ்சி. மகாவலி பெருகிக் கடைக்குள் புகுந்து அரிசியும் பருப்பும் சேறாகிப் போன ஆண்டில், அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாடே இறங்கவில்லை.

"எனக்குப் போடாதம்மா" என்றார்.

"நாளைக்குப் பசிச்சா யாருகிட்டப் போய்க் கேப்பீங்க?" என்று சொல்லிக்கொண்டே, அவருடைய பங்கையும் அவர் கண் முன்னாலேயே தண்ணீரில் போட்டார் அக்கா.

மூன்று நாள் அந்தக் கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினோம். நாலாம் நாள் அப்பா எழுந்து குடித்தார். குடித்துவிட்டு உப்புப் போதாது என்று குறையும் சொன்னார். அந்த வாரமே கடையைக் கழுவத் தொடங்கினார்.

நம்பிக்கை என்ற சொல்லை அக்கா வாயில் நான் கேட்டதேயில்லை. அவருக்கு அது மாலையில் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை.

நகரசபையில் கிளாக்கராக இருந்த அத்தானை மணந்த பிறகும், அப்பாவையும் என்னையும் விட்டுப் போக மனமில்லாமல் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தார். ஒரே மகன். சென்ற ஆண்டு மழை பொய்த்து, ஆறு வற்றி, குட்டைகளில் கொசு மண்டியபோது எங்கள் சந்தில் காய்ச்சல் இல்லாத வீடு இல்லை. மகனும் படுத்தான். வைத்தியம் பார்க்க வந்த அப்போதிக்கரி ஐயா, தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். அன்று மாலையும் அக்கா மகனுக்கும் சேர்த்து ஐந்து கைப்பிடிதான் போட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

பிறகு அக்கா படுத்தார். ஏழாம் நாள் எங்களை அடையாளம் தெரியவில்லை. ஐயா தலையை அசைத்துவிட்டுப் போனார். அன்று மாலை பயறு போட்டது நான். நான்கு கைப்பிடி போட்டேன். ஐந்தாவதற்குப் பயறு டின்னுக்குள் போன கை வெறுங்கையாகத் திரும்பி வந்தது. அக்கா இனி எழுந்திருக்கமாட்டார் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

காலையில் அக்கா கண் விழித்தார். தெளிவாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பசிக்குதுடி" என்றார்.

என் பங்குக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கரண்டியால் ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும் சேத்துத்தானே போட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் என் பொய் ஒருநாளும் செல்லாது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி விடு. இன்னிக்குப் போட்டுரு" என்றார்.

அவர் கோபித்திருந்தால், பழையபடி முதுகில் இரண்டு வைத்திருந்தால், இந்த ஓராண்டும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலை ஐந்து கைப்பிடி போட்டுச் சட்டியை அவர் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினேன். தண்ணீருக்குள் விரலை விட்டுப் பயறைத் தடவிப் பார்த்தார். மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஊறிய பயறு அப்படியே இருந்தது. அக்காவோடு பிறந்தவர் போலவே பழகிய பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மையாரை நாங்கள் ராத்தா என்றுதான் அழைப்போம். அவர் உள்ளே வந்து சட்டியைத் தூக்கினார்.

"இது ஒங்கட அக்கா சொல்லிப் போட்டது மக. வீணாக்கப்படாது. நான் கொண்டுபோய்க் காச்சுறன்."

அந்தக் கஞ்சியைச் சந்தில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கெல்லாம் ராத்தா பகிர்ந்து கொடுத்தார். அத்தானுக்கும் அப்பாவுக்கும் தம் கையாலேயே ஊட்டிவிட்டார். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெயிலென்று பாராமல் தினமும் வந்த அப்போதிக்கரி ஐயாவுக்கும், கெலிஓயாவிலிருந்து வந்து பதினாறு நாளும் எங்களோடு இருந்த பெரியப்பா குடும்பத்தாருக்கும், பாடையைச் சுமந்த சந்துக்காரர்களுக்கும் எங்கள் வீடு என்றும் கடமைப்பட்டது.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் திவச நாளுக்கு முதல் நாள் மாலையே பயறு ஊறியிருக்கும். யார் வருவீர்கள், யார் வரமாட்டீர்கள் என்று நான் யோசிக்கப்போவதில்லை. எல்லோருக்கும் போட்டிருப்பேன். குடிக்காமல் போகாதீர்கள். அன்று நான் போடாமல் விட்ட கைப்பிடியும் அதில் இருக்கும்.