சமையல்கட்டில் ஒரு சாக்பீஸ் கோடு

முதல் நாளே திட்டு

கப்பலில் ஸ்டீவர்டாகச் சேர்ந்த முதல் நாள், முதல் மேஜையிலேயே நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பும் சின்ன உல்லாசக் கப்பல் அது. அதற்கு முன்பு நான் திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தவன். சொந்த ஊர் பாறசாலைக்குத் தெற்கே.

மேஜையில் இருந்த பெரியவர் "எனக்கு இறால் ஒத்துக்காது" என்றார். சரி என்று தலையாட்டினேன். நம் ஊரில் யாருக்குத்தான் எல்லாம் ஒத்துக்கொள்கிறது? ஒருவருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது, ஒருவருக்கு மோர் ஒத்துக்காது, இன்னொருவருக்குப் பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதே ஒத்துக்காது. இறாலை விட்டுவிட்டு மீன் வறுவலை எடுத்துக்கொண்டு போனேன். சீஃப் ஸ்டீவர்டு பாதி வழியில் தட்டைப் பிடுங்கினார். கோவாக்காரர், பெயர் பெரைரா.

"இந்த மீன் எந்த எண்ணெயில் பொரிச்சது?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா தட்டைத் தொடாதே மேன். இறால் பொரிச்ச எண்ணெய்னா இறால்தான். நீ மறந்துடுவே, எண்ணெய் மறக்காது."

எல்லார் முன்னாலும் திட்டினார். அன்றைக்கு எனக்கு மகா கோபம். ஆனால் பாடம் மனதில் நின்றுவிட்டது. ஒரே வருடத்தில் டயட் போர்டை என் பொறுப்பில் விட்டார். சர்க்கரைக்காரர், உப்பு இல்லாதவர், வெங்காயம் பூண்டு சேர்க்காத குஜராத்திக்காரர், ஹலால் கேட்பவர் என்று ஒவ்வொரு பயணத்திலும் யாருக்கு என்ன ஆகாது என்பதைப் போர்டில் எழுதி, சமையல்காரர்களுக்கு விளக்கிச் சொல்லி, தட்டு மேஜைக்குப் போகும் வரை பார்த்துக்கொள்வது என் வேலை.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

கப்பலில் இரண்டு சமையல்கட்டு. பெரியதில் நான் இஷ்டம்போல் நுழைவேன், சட்டியைத் திறப்பேன், எந்த எண்ணெய் என்று கேட்பேன். சைவச் சமையல்கட்டு கிட்டு சாமியின் ராஜ்யம். கரமனை அக்கிரகாரத்துக்காரர். கை மணம் என்றால் அப்படி ஒரு கை மணம். அவர் கட்டின் வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருப்பார். தளம் கழுவும்போது அழிந்துபோகும், உலர்ந்ததும் மறுபடி போட்டுவிடுவார். அதைத் தாண்டி நாங்கள் யாரும் போகக் கூடாது. தட்டுகள் வாசல் ஓரத்துப் பலகைக்கு வரும், அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் எனக்கென்று ஒரு டம்ளர் காப்பியைப் பலகையில் வைத்து, "தேவா, ஆறிப்போறதுக்கு முன்னே குடிச்சுக்கோ கேட்டியா" என்பார். என் முழுப்பெயர் தேவதாசன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார். ஆனாலும் அந்தக் கோட்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கிறிஸ்தவன், சபைக்குப் போகிறவன். வேண்டாம் என்றவன் வாசலை மிதிக்க எனக்கும் மனசில்லை. பெரைரா ஒரு தடவை, "டயட் போர்டு உன் பொறுப்பு, நீ உள்ளே போகலாம், நான் பேசறேன்" என்றார். "வேண்டாம் சார், பலகைப் பக்கத்தில் நின்றே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஆசாரம் என்றால் எனக்கு ரோஷம்.

சுந்தரம் சார்

ஒரு டிசம்பர் பயணத்தில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சுந்தரம் சார் காலேஜில் கணக்கு வாத்தியார். சாப்பாட்டுப் பிரியர், சிரித்தால் மேஜை குலுங்கும். அவர் மனைவி காமாட்சி மாமி கப்பல் ஏறியதும் முதல் வேலையாக என்னைத் தேடி வந்தார்.

"எங்காத்துக்காரருக்கு முந்திரி ஆகாது. ஆகாதுன்னா வயத்து வலி இல்லையாக்கும், மூச்சே நின்னுடும். ஒரு கல்யாணத்துல லட்டுல இருந்த பொடிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினோம். அதுக்கப்பறம் எங்காத்துக்குள்ள முந்திரியே வந்ததில்லை."

அவரைச் சைவச் சமையல்கட்டு வாசலுக்கு அழைத்துப் போனேன். இதை எப்படி விளங்க வைப்பது என்று எனக்குக் கவலை. ஒரு துளி பட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்காத சமையல்காரர் கிடையாது. கிட்டு சாமி மாமி சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"அப்போ முந்திரிக்குப் பத்து பாக்கணும். அவ்வளவுதானே மாமி?"

"அதே. நானும் வேற எங்கேயாவது சாப்பிட நேர்ந்தா அப்படித்தான் சொல்லறது."

பத்து என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சோறும் குழம்பும் தொட்ட கையைக் கழுவாமல் மோரையோ ஊறுகாயையோ தொட மாட்டார்கள். ஒன்றின் கரண்டி இன்னொன்றுக்குப் போகாது. சிறு வயதிலிருந்தே பழகியதால் யோசிக்காமலே கை தானாக விலகும். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் மூச்சுப்பிடிக்கச் சொல்ல வேண்டியதை இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். பெரைராவிடம் சொன்னபோது அவரும், "குட், அவருக்குப் புரியுற பாஷையில் சொல்லிட்டாங்க" என்றார்.

உண்மையிலேயே கிட்டு சாமி கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். சாருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. முந்திரி டப்பாவைத் தொட்டால் உடனே கை கழுவுவார், பலகைப் பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கிறேன். போகும்போதும் கொழும்பில் நின்ற நாட்களிலும் ஒரு குறையும் இல்லை. சார் தினமும் வாசலுக்கு வந்து, "சாமி, இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்பார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்கள், பேச்சு நீளும். சாரைக் கண்டால் கிட்டு சாமிக்கு முகம் மலர்ந்துவிடும்.

கடைசி நாள் விருந்து

திரும்பி வரும்போது கடைசி நாள் மதியம் விருந்து வைப்பது வழக்கம். சேமியா பாயசமும் போளியும் என்று கிட்டு சாமி அறிவித்தார். திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊற வைத்துச் சாப்பிட்டால்தான் அவர்களுக்கு விருந்து.

மற்றவர்களுக்கு முந்திரி போட்ட பாயசம். சாருக்கு முந்திரி இல்லாமல் தனிப் பாத்திரத்தில். பலகைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சாமி, சாருக்கு எல்லாம் தனியா வச்சாச்சுல்லா?"

"எல்லாம் தனி. போளி நல்ல நெய் தடவி, சூடா அவருக்குன்னு கடைசியாப் போட்டேன். கொண்டு போ."

மாமியும் கேட்டனுப்பினார், போளியில் என்னென்ன என்று. மைதா, கடலைப்பருப்பு, சர்க்கரை, ஏலக்காய், நெய். வேறு ஒன்றும் இல்லை. அது அத்தனையும் சத்தியம்.

விழிஞ்ஞம் கரை தெரிய ஆரம்பித்திருந்தது. சார் ஜன்னல் வழியாகக் காட்டி, "காமாட்சி, அதோ பாரு, நம்ம ஊர்" என்றார். இரண்டாவது போளியை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைத் தடவினார். உதடு வீங்கிக்கொண்டு வந்தது. மாமி "ஐயோ, முந்திரி" என்று கத்தியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கப்பல் டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். மூச்சு திரும்பியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. கப்பலில் அதற்கு மேல் மருந்து இல்லை, கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கேப்டன் கப்பலை நிறுத்தி விழிஞ்ஞத்துக்குச் செய்தி சொன்னார். மீன்பிடிப் படகு ஒன்று கிளம்பி வந்தது.

அதற்குள் டாக்டர் கிட்டு சாமியை வரவழைத்து, தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டார். மலையாளி அவர்.

"போளியில் தடவிய நெய் எவிடத்தெ?"

"பாயசத்துக்கு முந்திரி வறுத்தேன் டாக்டரே. அந்த நெய்யைத் துணியில வடிகட்டி எடுத்தேன். நல்ல வாசனையா இருந்தது. சாருக்குப் பிடிக்குமேன்னு..."

"முந்திரி வறுத்த நெய்யோ?"

"நெய்க்குப் பத்து கிடையாதே டாக்டர்!"

அவர் அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று இவருக்குத் தெரியவில்லையே என்ற ஆச்சரியத்தில் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் நெய்க்கும் எண்ணெய்க்கும் பத்து ஒட்டாது. அந்த விதிவிலக்கையும் சேர்த்துத்தான் அவர் கையும் பழகியிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பழவங்காடி வழியாக

ஸ்ட்ரெச்சரோடு நானும் மாமியும் படகில் இறங்கினோம். தானும் வருகிறேன் என்று கிட்டு சாமி கெஞ்சினார், படகில் இடம் இல்லை என்று கேப்டன் விடவில்லை. படகு விலகும்போது நிமிர்ந்து பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோள் துண்டு காற்றில் பறந்து போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

விழிஞ்ஞத்தில் ஒரு வேன் கிடைத்தது. மெடிக்கல் காலேஜுக்குப் பறந்தோம். பழவங்காடியில் கூட்டத்துக்காக வேன் மெதுவாக நகர்ந்தபோது, மாமி பிள்ளையார் கோவில் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். சாரின் மணிக்கட்டு என் கையில் இருந்தது. அதில் துடிப்பு நின்று சற்று நேரம் ஆகியிருந்தது. மாமி கும்பிட்டு முடிக்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி அழவில்லை. நெடுநேரம் கழித்து என்னிடம், "கிட்டு அண்ணாகிட்டே ஒண்ணு சொல்லணும். எங்காத்துல முந்திரி வறுத்த நெய் இருந்திருந்தா, நானும் அதைத்தான் தடவியிருப்பேன். எங்காத்துல முந்திரியே வராது, அதனாலே எனக்கு அது தெரியவே இல்லை. இதைச் சொல்லுங்கோ" என்றார். புருஷனைப் பறிகொடுத்த நேரத்தில் அவருக்கு இதைச் சொல்லத் தோன்றியது. அழுதது நான்தான்.

உள்ளே வா

சாரின் காரியங்களுக்கு உதவிவிட்டுக் கொச்சிக்குப் போனேன். கிட்டு சாமி வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தன் கரண்டிகளை ஒரு துணியில் சுற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல வாசலில் நின்று மாமி சொன்னதைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அங்கே நின்னு பேசாதே. உள்ளே வா."

குனிந்து பார்த்தேன். கோடு இருந்தது. தாண்டிப் போனேன். அத்தனை பயணத்தில் அதுதான் முதல் தடவை. அடுப்புக்குப் பக்கத்தில் நெய்ச் சட்டி தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. வாசலிலிருந்து பார்த்தால் அது இருக்கிற இடமே தெரியாது.

"தேவா, பெரிய கட்டுல எண்ணெயைத் தனியா வைக்கணும்னு நீ சண்டை போடறதைக் கேட்டிருக்கேன். அன்னிக்கு நீ இங்கே வந்திருந்தா, நெய் எதுன்னு கேட்டிருப்பியோ?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"கேட்டிருப்பேன் சாமி."

"பின்னே ஏண்டா வரலை?"

நீங்கள்தானே கோடு போட்டீர்கள் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அது தெரியாமல் கேட்கவில்லை அவர். கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை கூடப் போனேன். அதற்குப் பிறகு அவர் எந்தச் சமையல்கட்டிலும் அடுப்பு பற்ற வைத்ததாகக் கேள்விப்படவில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். புரிந்ததா என்று சமையல்காரரிடம் கேட்காதீர்கள். கிட்டு சாமிக்கு எல்லாரையும்விட நன்றாகப் புரிந்திருந்தது. இன்றைக்கு எதில் வறுப்பீர்கள், எதைத் தடவுவீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, உள்ளே போய்ப் பாருங்கள். யார் முகம் சுளித்தாலும் போங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்தச் சமையல்கட்டிலும் வாசலோடு நின்றதில்லை. ஆனால் சுந்தரம் சாருக்கு அது ஒரு பயணம் தாமதம்.